தேரி மணலுக்கும் மாஞ்சோலை ஏற்றத்துக்கும் பேட்டரி பைக் தாங்குமா?

பாளையங்கோட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். கையில் ஹிமாலயன் 411 பெட்ரோல் பைக் இருக்கிறது. அதை விற்றுவிட்டு பேட்டரி பைக் வாங்க நினைக்கிறார். சனி, ஞாயிறுகளில் தார் ரோடு இல்லாத இடமாகப் பார்த்துப் போகவேண்டும். தேரிக்காட்டுச் செம்மணல் மேடு, நம்பியாற்றங்கரை, மாஞ்சோலை மலை, முடிந்தால் எங்காவது ஒரு ராத்தங்கல். சத்தமே இல்லாமல் காட்டுக்குள் போகலாமே என்றும் ஒரு ஆசை. ஷோரூமில் ஒரு சார்ஜுக்கு 150 கிலோமீட்டர் என்று சொல்கிறார்கள், போதுமா என்று கேள்வியை முடித்திருக்கிறார்.

நீங்கள் கேட்டது 150 போதுமா என்று. ஆனால் கேள்விக்குள் இருக்கிற கவலை வேறு. பிளக் பாயிண்ட் இல்லாத இடத்துக்குப் போய்விட்டு, வண்டியைத் தள்ளாமல் வீடு வந்து சேர முடியுமா என்பதுதான் அது. அதற்கு ஒரே எண்ணாகப் பதில் சொல்ல முடியாது. மண், காற்று, ஏற்றம், வெயில் நாலையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நான் எலக்ட்ரிகல் டிப்ளமா படித்தவன். 19 வருஷமாக பணகுடி, லெவிஞ்சிபுரம், ராதாபுரம் பக்கம் காத்தாடி (காற்றாலை) சர்வீஸ் வேலை. ஒரு டவரிலிருந்து இன்னொரு டவருக்குப் போகிற பாதையெல்லாம் செம்மண், சரளை, ஓடை மணல்தான். முதல் 16 வருஷம் பெட்ரோல் வண்டி. கடைசி 3 வருஷமாக பேட்டரி வண்டி. இப்போதிருப்பது 4 யூனிட் பேட்டரி, மோட்டார் நடுவில், பின்சக்கரத்துக்குச் செயின். அதற்கு முன் ஒரு வருஷம் சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருக்கிற வண்டி வைத்திருந்தேன். பந்தயம் ஓட்டுகிறவன் இல்லை, லடாக் போனவனும் இல்லை. கீழே சொல்வதெல்லாம் இந்த மண்ணில் ஓட்டிப் பார்த்ததும் காகிதத்தில் கணக்குப் போட்டதும்தான். பனியில், குளிரில் பேட்டரி என்ன செய்யும் என்று என்னிடம் கேட்டுப் பயனில்லை.

சுருக்கமாகச் சொன்னால் பேட்டரி பைக் முளையில் கட்டின மாடு. கயிறு எட்டும் வரை நன்றாக மேயும், பெட்ரோல் வண்டியைவிடச் சில இடங்களில் நன்றாகவே மேயும். முளை என்பது உங்களுக்குத் தெரிந்த பிளக் பாயிண்ட். கயிற்றின் நீளம்தான் இடத்துக்கு இடம் மாறும்.

கிலோமீட்டரை மறந்துவிட்டு யூனிட்டில் யோசிக்கப் பழகுங்கள். வீட்டு கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்தான். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் சக்தி இருக்கிறது. உங்கள் ஹிமாலயனின் 15 லிட்டர் டேங்கில் 135 யூனிட். இன்ஜின் அதில் கால்வாசியைக்கூடச் சக்கரத்துக்குக் கொடுக்காது, மீதியெல்லாம் சூடாகப் போய்விடும். அப்படிப் போனாலும் 30 யூனிட் மிஞ்சும். பேட்டரி பைக்கில் மோட்டார் வாங்கினதில் முக்கால் பங்குக்கு மேல் சக்கரத்துக்குக் கொடுத்துவிடும், ஆனால் வாங்குவதற்கே 3 அல்லது 4 யூனிட்தான் இருக்கிறது. ரிவோல்ட் ஆர்வி400-ல் 3.24 யூனிட். அல்ட்ராவயலெட் எஃப்77-ல் பெரிய பேட்டரி 10.3 யூனிட், ஆனால் அது தார் ரோட்டு வண்டி. வெளிநாட்டில் இந்த மாதிரிப் பயணத்துக்கென்றே செய்த ஸீரோ டிஎஸ்ஆர் எக்ஸில் 17.3 யூனிட் இருக்கிறது; வண்டி 247 கிலோ. மணலில் சாய்ந்தால் அதைத் தூக்க ரெண்டு பேர் வேண்டும். உங்கள் டேங்குக்கு ஈடாகப் பேட்டரி கட்டினால் பேட்டரி மட்டுமே 200 கிலோவைத் தாண்டிவிடும். ஆகவே நாலு நாள், ஐந்து நாள் ஊர் தொடாமல் சுற்றுவது இப்போதைக்கு பெட்ரோல் வண்டியின் வேலை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஷோரூம் சொல்லும் 150 பொய் கிடையாது. சோதனைச்சாலையில் உருளை மேல், மிதமான வேகத்தில், காற்றில்லாமல் ஓட்டி எடுத்த கணக்கு அது. தார் ரோட்டில் 45-50 வேகத்தில் போனால் என் வண்டி ஒரு யூனிட்டுக்குச் சுமார் 30 கிலோமீட்டர் தரும். 4 யூனிட்டில் கடைசி அரை யூனிட்டைத் தொடக்கூடாது என்று வைத்தால் 105 கிலோமீட்டர். அதுவும் ஒருவழிக் கணக்கு. போய்த் திரும்ப 50-50 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் பயப்படுவது மலையைப் பார்த்து. கணக்குப் போட்டால் மலை அவ்வளவு கொடுமைக்காரன் இல்லை. வண்டியும் ஆளும் சுமையும் 240 கிலோ என்று வையுங்கள். மணிமுத்தாறு அணையிலிருந்து மாஞ்சோலை கிட்டத்தட்ட 1000 மீட்டர் உயரம். அவ்வளவு எடையை அவ்வளவு உயரம் தூக்க 0.65 யூனிட்தான் வேண்டும். மோட்டாரிலும், அதற்கு மின்சாரத்தை அளந்து விடுகிற கன்ட்ரோலரிலும் வீணாவதைச் சேர்த்தால் 0.8. மேடு பள்ளமான அந்த 20 கிலோமீட்டரை உருட்டிப்போக இன்னொரு 0.6. பாளையங்கோட்டையிலிருந்து மணிமுத்தாறு வரை ஒன்றரை யூனிட். மேலே போய்ச் சேரும்போது 2.9 போயிருக்கும். இறங்கும்போது செலவு அனேகமாக இல்லை, அப்புறம் வீட்டுக்கு ஒன்றரை. மொத்தம் 4.4. தொடக்கூடாத அரை யூனிட்டையும் சேர்த்தால் என் 4 யூனிட் வண்டிக்கு 0.9 யூனிட் இடிக்கிறது, அவ்வளவுதான். கல்லிடைக்குறிச்சியில் தெரிந்தவர் வீட்டில் ஒன்றரை மணி நேரம் செருகி வைத்தால் அது சரியாகிவிடும். அதற்குள் அப்பளம் வாங்கிக்கொண்டு வரலாம். இது வெறும் சக்திக் கணக்குதான். அந்த ரோட்டில் உங்களை விடுவார்களா என்பது தனிக்கதை, பிறகு சொல்கிறேன்.

இறக்கத்தில் பேட்டரி ஏறிக்கொள்ளும் என்று விளம்பரத்தில் வரும். ஏறும், ஆனால் ஏற்றத்துக்குக் கொடுத்ததில் பாதி கூடத் திரும்பி வராது. அதைவிட முக்கியமான ஒன்றை யாரும் சொல்வதில்லை. பேட்டரி நிரம்பியிருந்தால் அது எதையும் வாங்கிக்கொள்ளாது, அப்போது மோட்டார் பிடிக்கிற பிரேக்கும் இருக்காது. மலை உச்சியில் ராத்தங்கி, முழுசாக சார்ஜ் போட்டு, காலையில் இறங்கினீர்களானால் முழுப் பாரமும் டிஸ்க் பிரேக் மேல்தான். பெட்ரோல் வண்டியில் செகண்ட் கியரில் போட்டு இன்ஜின் பிடியில் இறங்கிப் பழகினவர்களுக்கு இது புரியவே ரெண்டு வளைவு ஆகும். மேலே தங்கினால் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி தேரி. உங்கள் பட்டியலில் பேட்டரியைத் தின்கிறது இதுதான். தார் ரோட்டில் சக்கரம் உருள எவ்வளவு விசை வேண்டுமோ, அதைப்போலப் பத்து மடங்கு வேண்டும் உதிரி மணலில். ஒரு கிலோமீட்டர் மணலுக்கு 0.17 யூனிட் போகும். அதாவது ரோட்டில் 30 கிலோமீட்டர் போன யூனிட் மணலில் 5 அல்லது 6 கிலோமீட்டரில் முடிந்துவிடும். உங்கள் வீட்டிலிருந்து திசையன்விளை பக்கம் போகவே 2 யூனிட் ஆகிவிடும். இட்டமொழியிலோ நவ்வலடியிலோ தேரிக்குள் 5 கிலோமீட்டர் சுற்றினால் இன்னும் கிட்டத்தட்ட ஒன்று. திரும்ப 2. எங்கும் செருகாமல் நடக்காது.

பேட்டரி தீர்வதைக்கூடச் சமாளிக்கலாம், சூடு அப்படி இல்லை. மணலில் 15 வேகத்தில் இழுக்கும்போது மோட்டாரும் கன்ட்ரோலரும் சேர்ந்து இஸ்திரிப் பெட்டி அளவுக்குச் சூட்டைக் கக்கும். வேகமில்லாததால் காற்றுபட்டு ஆற வழியில்லை. கீழே மணல் வேறு கொதிக்கும். போன சித்திரையில் நவ்வலடித் தேரியில் பகல் 11 மணிக்கு எனக்கு இதுதான் ஆனது. முக்கால் கிலோமீட்டர் நன்றாகப் போன வண்டி, ஒரு மேட்டில் பாதி ஏறும்போது திடீரென்று நோயாளி மாதிரி இழுத்தது. ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திருகினாலும் நடக்கிற வேகம்தான். கன்ட்ரோலர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள பவரைக் குறைத்துவிட்டது. உடைமரத்து நிழல் என்று சொல்லிக்கொள்கிற ஒன்றில் வண்டியைச் சாத்திவிட்டு 40 நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். பதநீர்க் குடத்தோடு வந்தவர், “என்ன அண்ணாச்சி, வண்டி மூச்சு வாங்குதோ?” என்று கேட்டுவிட்டு ஒரு பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தார். அதற்குள் வண்டி ஆறிவிட்டது. மோட்டார் சக்கரத்துக்குள் இருக்கிற வண்டியாக இருந்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் ஆறியிருக்காது. மூடின டப்பாவுக்குள் இருக்கும் செம்புச்சுருள் அது, சூடு வெளியே வர வழியே குறைவு.

தேரிக்குப் போவதென்றால் விடியற்காலையில் போங்கள், அல்லது மழை பெய்த மறுநாள். ஈரம்பட்ட செம்மணல் இறுகியிருக்கும், பாதிச் செலவில் முடியும். டயரில் காற்றை 16-18 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள், கையில் பம்ப் இருக்கட்டும். ஆக்ஸிலேட்டரை வெடுக்கென்று திருகாதீர்கள். பேட்டரி பைக்கில் நின்ற இடத்திலேயே முழு இழுவையும் வந்துவிடும். கிளட்ச் இல்லாததால் விட்டுப் பிடிக்க முடியாது. வெடுக்கென்று திருகினால் பின்சக்கரம் கிணறு வெட்டும். மெதுவாகத் திருகினால் பெட்ரோல் வண்டியில் வராத ஒரு நிதானம் இதில் வரும். கல்லும் கரடுமான பாதையில் மனிதன் நடக்கிற வேகத்தில் இன்ஜின் அணைந்துபோகும் பயமில்லாமல் ஏறலாம். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் பேட்டரி வண்டிதான் நல்ல வாத்தியார்.

சக்கரம் பூட்டிக்கொண்டால் திருகவே கூடாது. மானூர், சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் மழைக்காலத்தில் போனவர்களுக்குத் தெரியும், மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் களி அடைத்துச் சக்கரம் சுத்தாது. அப்போது திருகினால் மோட்டார் சுற்றாமலே மின்சாரம் ஒரே சுருளிலும் கன்ட்ரோலரில் ஒரே ஜோடி டிரான்சிஸ்டரிலும் பாயும். சில விநாடியில் கருகிவிடலாம். இறங்கி, குச்சியால் நோண்டிவிட்டு ஏறுங்கள்.

உவரி, நவ்வலடிக் கடற்கரைப் பக்கம் போனால் இன்னொரு தொல்லை, கருமணல். சின்ன வயதில் காந்தத்தை மணலில் இழுத்து விளையாடியிருப்போம், அதே மணல்தான். மோட்டாருக்குள் இருப்பது முழுக்கக் காந்தம். அந்தப் பழைய சக்கர மோட்டாரை ஒருநாள் பிரித்தபோது, சீல் தேய்ந்த பக்கத்தில் காந்தத்தின் மேல் மீசை முளைத்த மாதிரி கருமணல் நின்றுகொண்டிருந்தது. சுற்றுகிற பாகத்துக்கும் நிற்கிற பாகத்துக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளிதான் உண்டு. அங்கே அது அரம் மாதிரி அராவும். துணியால் துடைத்தால் போகவில்லை. பசை டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தேன், ஒரு மத்தியானம் போய்விட்டது.

காற்றைப் பற்றி எனக்கு நாள் முழுக்கப் பேசலாம், சோறு போடுவதே அது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருகிற காற்று பணகுடிப் பக்கம் ஆளைத் தள்ளும். நீங்கள் 40 வேகத்தில் போக, எதிரே காற்றும் 40 வேகத்தில் வந்தால், உங்கள் நெஞ்சில் படுவது 80. காற்றின் தடை வேகத்தின் இருமடிப்படி ஏறும், ஆக நாலு மடங்கு. 30 கிலோமீட்டர் தருகிற யூனிட் அன்றைக்கு 13 தருவதே பெரிது. முதல் ஆடியில் இது புரியாமல் காவல்கிணறு போகும் வழியில் மாட்டிக்கொண்டேன். தலைக்கு மேல் வரிசையாக நூறு காத்தாடி கரண்டை அள்ளிக்கொட்டிக்கொண்டிருக்கிறது, கீழே நான் 4 சதவீதத்தோடு நிற்கிறேன். டவரிலிருந்து வருகிற மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மரில் ஏறி ஆயிரக்கணக்கான வோல்ட்டாகக் கம்பியில் போவது, அதில் பைக்கைச் செருக முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், இருந்தாலும் அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். காற்றுக் காலத்தில் முதலில் மேற்கே, எதிர்க்காற்றில், பேட்டரி நிறைந்திருக்கும்போது போவது. திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்து விடும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு நல்ல சேதியும் ஒரு கெட்ட சேதியும் உண்டு. இன்ஜின் மாதிரி இதற்கு மூச்சுக்குழாய் கிடையாது, அதனால் தண்ணீர் குடித்து நிற்காது. ஐபி67 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் 30 நிமிஷம் தாங்கும் என்று பொருள். ஆனால் அது சோதனைத் தொட்டியில், சீல் புதிதாக இருக்கும்போது. ரெண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசியில், சரளைப் பாதையில் ஒரு மணி நேரம் ஏறி இறங்கி மோட்டார் தொட முடியாத சூட்டில் இருந்தபோது, நம்பியாற்றுத் தரைப்பாலத்தில் முழங்கால் தண்ணீருக்குள் இறக்கிவிட்டேன். தாண்டி வந்து வீடும் சேர்ந்தாகிவிட்டது. மறுநாள் காலையில் வண்டி பீப் பீப் என்றதே தவிர நகரவில்லை. சூடான மோட்டாருக்குள் இருக்கும் காற்று, குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சட்டென்று சுருங்கும். சுருங்கும்போது சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். சுழற்சியைப் பார்க்கிற சின்ன சென்சார் நனைந்து போயிருந்தது. வாரண்டியில் வராது என்று கையை விரித்துவிட்டார்கள். இப்போது ஆற்றங்கரையில் கால் மணி நேரம் நிற்கிறேன். டீ குடிக்கிற நேரம், மோட்டார் ஆறிவிடும்.

உடைமுள்ளைப் பற்றி ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சக்கர மோட்டார் வண்டியில் பஞ்சர் ஆனால் என்ன ஆகும் என்று வாங்குவதற்கு முன் யோசியுங்கள். சக்கரத்தைக் கழற்ற மோட்டார் வயரைப் பிரிக்க வேண்டும், அச்சு நட்டு சாதாரண ஸ்பேனருக்கு அசையாது. ஊர்ப்புறத்துப் பஞ்சர் கடைக்காரர் பார்த்ததுமே, “அண்ணாச்சி, கரண்டு சமாச்சாரம், நமக்கு வேண்டாம்” என்று விடுவார். எனக்கு ரெண்டு கடையில் இதுதான் நடந்தது. டியூப்லெஸ் டயர், ஒட்டுத்திரி, கைப்பம்ப் மூன்றும் இல்லாமல் தேரிக்குப் போகாதீர்கள். நடு மோட்டாராக இருந்தால் செயின் வைத்ததாகப் பாருங்கள். பெல்ட் சத்தமில்லாமல் ஓடும், ஆனால் ஒரு சரளைக்கல் உள்ளே மாட்டினால் கிழிந்துவிடும், கிழிந்ததை வழியில் ஒட்ட முடியாது.

சார்ஜ் போடுவது இங்கே கரண்டைவிட உறவு சம்பந்தப்பட்ட விஷயம். என் முளைகள் எல்லாம் ஆட்கள்தான்: திசையன்விளையில் ஒரு ஸ்டுடியோக்காரர், ராதாபுரத்தில் ஒரு பலசரக்குக் கடை அண்ணாச்சி, களக்காட்டில் அத்தை வீடு. சாதாரண 750 வாட் சார்ஜர் ஒரு மணி நேரத்தில் முக்கால் யூனிட் ஏற்றும், அதாவது 20 கிலோமீட்டர் ரோடு. காலி பேட்டரி நிரம்ப ஐந்தரை, ஆறு மணி நேரம். கடைக்காரருக்கு யூனிட்டுக்கு உண்டானதைவிடக் கொஞ்சம் கூடவே கொடுத்துவிடுங்கள், அடுத்த தடவை அவரே பிளக்கை எடுத்து நீட்டுவார். தோட்டத்துப் பம்புசெட்டைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். விவசாயத்துக்குக் கொடுத்த இலவச இணைப்பில் வண்டிக்குச் செருகினால் மாட்டிக்கொள்வது தோட்டக்காரர். லைன் கடைசியில் இருக்கிற வீடுகளில் வோல்டேஜ் 170க்குக்கூட இறங்கும், சில சார்ஜர் அதில் வேலையே செய்யாது. உங்கள் சார்ஜர் மேல் எழுதியிருக்கும் வோல்டேஜ் எல்லையை ஒருமுறை படித்து வையுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் கொண்டுபோனால் கனமான செம்பு வயராக இருக்கட்டும், சுருளை முழுக்க விரித்துவிட்டுச் செருகுங்கள். சுருட்டியபடி செருகி உருகிப்போன வயரை நான் ஒன்றுக்கு மேல் பார்த்திருக்கிறேன். வெயிலில் ஓடிவந்த பேட்டரியை உடனே செருகாமல் ஒரு மணி நேரம் நிழலில் விடுங்கள். மடக்கு சோலார் தகடு பற்றியும் கேட்பீர்கள்: 100 வாட் தகடு நல்ல வெயில் நாளில் அரை யூனிட் தந்தால் அதிகம். ராத்தங்கலில் போனுக்கும் விளக்குக்கும் சரி, வண்டிக்கு இல்லை.

சத்தமில்லாமல் காட்டுக்குள் போகும் ஆசையைப் பற்றி. களக்காடு பக்கம் அடிவாரத்துப் பாதையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, திரும்பிப் பார்த்ததும் என் வண்டி பின்னால் நிற்க, கம்பை ஓங்கிவிட்டாள். “எய்யா, பேய் மாரி வந்து நிக்கியே, ஒரு ஆரனாவது அடிக்கப்பிடாதா?” பாட்டி கம்பை இறக்கிவிட்டாள், கரடி இறக்காது. அம்பாசமுத்திரம், பாபநாசம், களக்காடு அடிவாரத்தில் கரடி தோட்டத்துக்குள் வருவது உங்களுக்கே தெரியும். அது தூரத்தில் சத்தம் கேட்டால் ஒதுங்கிப் போகிற மிருகம். பக்கத்தில் வந்தபின் திடுக்கிட்டால்தான் பாயும். பெட்ரோல் வண்டி வருவதற்கு அரை கிலோமீட்டர் முன்பே ஊரைக் கூட்டிவிடும். அந்த எச்சரிக்கையை நம் வண்டி கொடுக்காது. வளைவுகளில் நான் ஹார்ன் அடித்துக்கொண்டே போகிறேன், அப்புறம் சத்தமில்லாத வண்டி எதற்கு என்று மனைவி கேட்பாள்.

காட்டுக்குள் என்று நீங்கள் சொன்னதில் பெரும்பகுதி புலிகள் காப்பகம். முண்டந்துறைச் சரணாலயம் 1962-லும் களக்காடு 1976-லும் வந்து, 1988-ல் ரெண்டும் சேர்ந்து காப்பகமானது. 1972-ஆம் வருஷத்து வனஉயிரினச் சட்டப்படி அனுமதி இல்லாமல் உள்ளே போவதே குற்றம்; வண்டி பெட்ரோலா பேட்டரியா என்று சட்டம் கேட்காது. மாஞ்சோலைக்கு மணிமுத்தாறு செக்போஸ்ட்டில் வனத்துறை அனுமதி வேண்டும். இருசக்கர வண்டியை விடுவார்கள் என்று நம்பிக் கிளம்பாதீர்கள், முதலில் அம்பாசமுத்திரம் அலுவலகத்தில் கேளுங்கள். விடவில்லை என்றால் பஸ்ஸில் போங்கள், அதுவும் நல்ல பயணம்தான். குதிரைமொழித் தேரியிலும் காப்புக்காடு இருக்கிறது. ஆன்லைனில் வரும் 50, 60 கிலோ எடையுள்ள குட்டி மணல் பைக்குகளைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்டதற்குத்தான் பதிவு வேண்டாம். அதற்கு மேல் பச்சை நம்பர் பிளேட் இல்லாமல் ரோட்டில் ஏற்றினால் பிடிபடும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கிடையாது.

இதுவரை சொன்னதில் கணக்கும் சூடும் தண்ணீரும் உறுதியானவை. இனி வருவது என் ஊகம். குலுங்கிக் குலுங்கி ஓடினால் பேட்டரியின் ஆயுள் குறையும் என்று நினைக்கிறேன். உள்ளே நூற்றுக்கணக்கான செல்களை மெல்லிய தகடு வைத்து வெல்டு செய்திருப்பார்கள், அந்த வெல்டு எத்தனை வருஷச் சரளையைத் தாங்கும் என்பதற்கு என் 3 வருஷம் சாட்சியாகாது. என் பேட்டரி இப்போது புதிதாக இருந்ததில் பத்தில் ஒன்பது பங்குதான் தருகிறது. அது குலுக்கலாலா, நம் ஊர் வெயிலாலா, வெறும் வயதாலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகைப் பேட்டரி எடை கூடினாலும் சூட்டைத் தாங்கும், எளிதில் தீப்பிடிக்காது. நம் பக்கத்துக்கு நான் அதைத்தான் எடுப்பேன், இதிலும் மாற்றுக்கருத்து உள்ளவர்கள் உண்டு. ஒன்றில் மட்டும் யாரும் மாறுபடமாட்டார்கள். கீழே விழுந்து பேட்டரிப் பெட்டி நசுங்கியிருந்தால் அதை வீட்டுக்குள் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். வெளியே, கூரை இல்லாத இடத்தில் ஒரு நாள் நிறுத்திவிட்டு, மெக்கானிக் பார்த்தபின் செருகுங்கள். வாரண்டிப் புத்தகத்தில் ரோடு இல்லாத இடத்தில் ஓட்டினால் செல்லாது என்ற வரி இருக்கிறதா என்பதையும் பணம் கட்டுவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

சரி, ஹிமாலயனை விற்கலாமா? இப்போது வேண்டாம். யாரிடமாவது ஒரு பேட்டரி வண்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்குங்கள். வள்ளியூர் வரை ஏதாவது ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போய், அங்கிருந்து திருக்குறுங்குடி வரை ஊர்ப் பாதையாகவே, குளத்துக் கரை, ஓடை, செம்மண் என்று ஓட்டிப் பாருங்கள். கிளம்பும்போதும் திரும்பும்போதும் சதவீதத்தை எழுதி வையுங்கள், மீட்டரில் ஓடின கிலோமீட்டரையும். குறைந்த சதவீதம் எத்தனை யூனிட் என்று பார்த்து, ஓடின கிலோமீட்டரை அதால் வகுத்தால் உங்கள் எடைக்கு, உங்கள் கைக்கு, ஒரு யூனிட் எத்தனை தூரம் என்று தெரிந்துவிடும். ஒருமுறை ஆடியிலும் ஒருமுறை ஐப்பசியிலும் அதைச் செய்துவிட்டு ஹிமாலயனுக்கு விலை பேசுங்கள். அதற்குள் கல்லிடைக்குறிச்சியிலோ திசையன்விளையிலோ உங்களுக்குப் பிளக் பாயிண்ட் தருகிற ஒரு அண்ணாச்சி கிடைத்திருந்தால் நல்லது. இல்லையென்றால் ராதாபுரம் பக்கம் வரும்போது சொல்லுங்கள், என் வீட்டுத் திண்ணையில் 15 ஆம்பியர் பாயிண்ட் இருக்கிறது.